ஒரே பேரில் இரண்டு உடம்பு

அத்தியாயம் 11

"எம்மா இசைவாணி, நீ ஆஸ்பத்திரில கெடக்கியாம்லா?"

மாரிசெல்வம் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பக்கத்து சீட்டுப் பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். சுகப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த சர்க்யூட் போர்டு லென்ஸுக்கு அடியில் அப்படியே நின்றது.

"இன்னா சார் சொல்றீங்க?"

"நான் எங்க சொல்லுதேன்? உங்க அம்மா சொல்லுதாவ. கேட்டுக்குப் போன் போட்டிருக்காவ. இசைவாணிக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரில சேத்திருக்கு, இசைவாணிகிட்ட உடனே சொல்லுங்கன்னு ஒரே அழுகையாம். செக்யூரிட்டி சாம்சனுக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. இசைவாணி காலையிலயே பன்ச் பண்ணி உள்ள போயாச்சேம்மான்னு சொல்லியிருக்கான். அதுக்கு இன்னும் கூடுதலா அழுதாவளாம்."

வலிப்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் கால் தன்னாலேயே மேஜைக்கு அடியிலிருந்த சாப்பாட்டுப் பையைத் தேடியது. பை இருந்தது. அதன் உள்ஜிப்பில் மாத்திரை அட்டையும் இருக்கும்.

இந்த லைனில் எல்லோருக்கும் அவள் இசைவாணிதான். கழுத்தில் தொங்கும் அட்டையிலும் அதே பெயர். அது அக்காவின் பெயர் என்பது வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் அந்தச் சுவருக்குள் ஒருவருக்கும் தெரியாது. பன்னிரண்டாவது தேறிய பெண்களைத்தான் எடுப்போம் என்று கான்ட்ராக்ட் ஆபீஸில் சொல்லிவிட்டபோது, பதினொன்றோடு நின்றுபோன தங்கைக்குத் தன் சர்டிபிகேட்டையும் ஆதார் கார்டையும் எடுத்து நீட்டியவள் இசைவாணி. ஆதார் போட்டோவில் யாரும் யாரைப் போலவும் இருப்பார்கள். அக்கா தங்கைக்குக் கேட்கவா வேண்டும்.

பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணமே அந்த வலிப்புதான். பிரேயரில் நிற்கும்போது விழுந்தாள். அடுத்த மாதம் வகுப்பிலேயே விழுந்தாள். அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை. இங்கே வந்த பிறகு அவள் விழவில்லை. மாத்திரை தவறியதில்லை. காலை ஒன்று, இரவு ஒன்று. அது இங்கே எவருக்கும் தெரியாது.

அம்மா எப்படி அதை கேட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள்?

அப்புறம்தான் உறைத்தது. அம்மா சொன்னது அவளைப் பற்றி இல்லை. நிஜமான இசைவாணியைப் பற்றி. சுங்குவார்சத்திரத்தில் மாமியார் வீட்டில் எட்டு மாத வயிற்றோடு இருக்கும் அக்காவைப் பற்றி. வளைகாப்பு முடிந்தும் தாய் வீட்டுக்கு அனுப்பாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்களே, அந்த அக்கா. முந்தாநாள் போனில் முனகினாள், "தல விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடி. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாரி கீது."

"சார், அது என் தங்கச்சி," என்றாள் சுகப்பிரியா. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "அம்மா பதட்டத்துல பேர மாத்திச் சொல்லிட்டாங்க போல."

மாரிசெல்வத்தின் சிரிப்பு நின்றது. "அய்யோ. நான் வேற கேலி பேசிட்டிருக்கேன். தங்கச்சி பேரு என்னம்மா?"

"சுகப்பிரியா."

இத்தனை நாளில் அந்தக் கட்டடத்துக்குள் அவள் தன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் ஒரு நோயாளியின் பெயராகச் சொல்ல வேண்டி வந்தது.

*

ஷிப்ட் நடுவில் பெண் பிள்ளை வெளியே போனால் கூட ஆள் போக வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். மாரிசெல்வமே வேனில் ஏறிக்கொண்டார்.

லாக்கரிலிருந்து எடுத்த போனில் அம்மாவின் அழைப்புகள் வரிசையாக நின்றன. நடுவில் மாமா விமலிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். அக்காவின் கணவன். கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன், அதிர்ந்து பேசாதவன். காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள்.

"சுகா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க அக்காவுக்கு முன்னயே வலிப்பு கீதா? மறைக்காம சொல்லு."

ஏன் அப்படிக் கேட்கிறான் என்று புரியவில்லை. அக்காவுக்கு எங்கே வலிப்பு?

வேன் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. மாரிசெல்வம் ஆறுதலாகப் பேச நினைத்து ஆரம்பித்தார்.

"பயப்படாத. இப்பம் வலிப்புக்கெல்லாம் நல்ல மருந்து இருக்கு. தங்கச்சி எங்க வேலைக்குப் போகுது?"

"வூட்லதான் சார்."

"அது நல்லது. அந்தப் பிள்ளைய கம்பெனி வேலைக்கு அனுப்பிராதிய. பி லைன்ல ஒரு பிள்ள இருந்துச்சுல்லா, மயங்கி விழுந்து? மறுநாளே கார்டை வாங்கிட்டாவ. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பிள்ள அழுதது இன்னும் காதுல கேக்கு. ஆனா என்ன செய்ய? மெஷின் மேல விழுந்தா யாரு பதில் சொல்ல?"

சுகப்பிரியா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பையை மடியில் இறுக்கி வைத்திருந்தாள்.

*

ஆஸ்பத்திரி, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. மாரிசெல்வம் வேனை ஓரம் கட்டச் சொல்லி, "நீ போ, நான் டீ குடிச்சிட்டு வாரேன்," என்றார்.

உள்ளே நுழையும்போது கழுத்து அட்டையைச் சுருட்டி யூனிபார்ம் பையில் திணித்துக்கொண்டாள். அக்காவின் மாமியார் இந்திராணி படிக்கத் தெரிந்தவள். பஸ் ஸ்டாப்பில் டிபன் கடை வைத்திருப்பவள், தினமும் நூறு பெண்களின் அட்டையைப் பார்க்கிறவள். இந்தப் பெயர் விவகாரம் அவளுக்கும் தெரியாது, விமலுக்கும் தெரியாது.

முதல் மாடி வராந்தாவில் அம்மா மீனம்மாள் சுவரோடு சுவராக நின்றாள். எதிர் பெஞ்சில் இந்திராணி, கையில் காய்ந்த இட்லி மாவோடு அப்படியே வந்திருந்தாள்.

"வாம்மா," என்றாள் இந்திராணி. "உங்க அம்மா வாயே தொறக்க மாட்டேன்றா. தொறந்தா பொய் சொல்றா. நீயாச்சும் சொல்லு. எத்தினி வருஷமா கீது உங்க அக்காவுக்கு இந்த வியாதி?"

"இன்னா வியாதி அத்த? அக்காவுக்கு ஒண்ணும் கெடயாதே."

"பாத்தியா விமலு? பாடம் படிச்சிகினு வந்துகீறா."

விமல் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "காலையில தோசக் கல்லு பக்கத்துல நின்னுகினு இருந்தா. அப்படியே கண்ணு மேல போயி, கை கால் இழுத்துகினு... ஆட்டோவுல போட்டு தூக்கியாந்தேன். ஆதார் நம்பர் கேட்டாங்க. போட்டதும் அவ போனுக்கு ஒரு ஓடிபி வந்துது. பழைய வைத்தியம் எல்லாம் எடுத்துப் பாக்கலாமா, சம்மதமான்னு. அவ நெனவுல இல்ல. நான்தான் நம்பர படிச்சிச் சொன்னேன். அவ்ளோதான், அவ எங்கெங்க காட்டினாளோ எல்லாம் வந்து நிக்குது. நம்ம ஊரு செக்கப், ஸ்கேன். கூடவே ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு நரம்பு டாக்டர் க்ளினிக். ரெண்டு வருஷமா. வலிப்புக்கு."

அவன் குரல் உடைந்தது. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் இன்னா, வுட்டுட்டா போயிருப்பேன்?"



ஸ்ரீபெரும்புதூர் க்ளினிக். சுகப்பிரியா போகும் க்ளினிக். கம்பெனி இன்சூரன்ஸ் கார்டைக் காட்டினால் பார்ப்பார்கள். கார்டில் இருப்பது இசைவாணியின் பெயர். போன வருஷம் கேன்டீனில் மேஜை போட்டு எல்லோருக்கும், வைத்தியக் குறிப்பையெல்லாம் ஆதாரோடு கோக்கும் ஹெல்த் ஐடி எடுத்துக் கொடுத்தார்கள். ஆதார் நம்பரை அடித்ததும் ஓடிபி போனது சுங்குவார்சத்திரத்தில் இருந்த அக்காவின் போனுக்கு. "அக்கா, ஒரு நம்பர் வரும், சீக்கிரம் சொல்லு, பின்னாடி கியூ நிக்குது," என்று இவள் அவசரப்படுத்த, அக்கா மாவு ஆட்டிக்கொண்டே படித்துச் சொன்னாள். அந்த ஐடி அன்றிலிருந்து க்ளினிக்கில் இவள் பைலோடு ஒட்டிக்கொண்டது.

ஒருத்தி சாப்பிட்ட மாத்திரை எல்லாம் இன்னொருத்தியின் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே அதை நினைத்துப் பார்க்கவில்லை.

மீனம்மாள் அவள் கையைப் பிடித்துத் தண்ணீர் கேன் இருந்த மூலைக்கு இழுத்துப் போனாள்.

"நான் சொல்லிட்டேன்டி. என் பொண்ணுக்கு வலிப்பே கெடயாதுன்னு கால்ல வுழாத கொறையா சொல்லிட்டேன். அந்த டாக்டரம்மா நம்பல. எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்வாங்கன்றாங்க."

"அம்மா, அது என்னுதும்மா. அந்த க்ளினிக் நான் போறது."

மீனம்மாள் ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றாள். புரிந்ததும் அவள் முகம் மாறிய விதத்தைப் பார்க்க முடியவில்லை. மறு கணமே மகளின் வாயைக் கையால் பொத்தினாள்.

"சொல்லாத. அவங்களுக்குத் தெரிஞ்சா கம்பெனிக்குப் போவும். கேஸ் போடுவாங்க. உனுக்கு மட்டும் இல்ல, சர்டிபிகேட் குடுத்தவளுக்கும் சேத்து. டாக்டருங்க மருந்து குடுத்துகினுதான கீறாங்க? அவ எழுந்து வரட்டும். அப்பறம் வூட்ல பேசிக்கலாம்."

சுகப்பிரியாவும் அதைத்தான் நினைத்தாள். வலிப்புக்கு வலிப்பு மருந்துதானே. அக்கா பெயரில் ஒரு வியாதி கூடுதலாக எழுதியிருந்தால் என்ன ஆகிவிடும்? மாமியார் நாலு நாள் பேசுவாள். அக்கா பொறுத்துக்கொள்வாள். எதைத்தான் அவள் பொறுத்துக்கொள்ளவில்லை.

அப்போது டாக்டர் ஸ்ரீமதி வெளியே வந்தார். சின்ன வயதுதான். காலையிலிருந்து உட்காரவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

"அவங்க தங்கச்சியா? நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. இந்த வலிப்பு மாத்திரைய எப்ப நிறுத்தினாங்க? மாசமா இருக்கோம்னு தானா நிறுத்திட்டாங்களா?"

சுகப்பிரியா பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் திட்டப் போறதில்ல. வலிப்ப மறைக்கிறது எனக்குப் புதுசு இல்ல, கல்யாணம் நின்னுடும்னு எல்லாரும் செய்றதுதான். ஆனா எனக்குத் தெரியணும். பழைய வலிப்பு, மாத்திரை விட்டதால திரும்ப வந்திருக்குன்னா, அதே மருந்தத் திரும்ப ஏத்திட்டுக் காத்திருக்கலாம். பிரஷர் கொஞ்சம்தான் ஏறியிருக்கு. குழந்தைக்கு இன்னும் நாள் இருக்கு. அவசரப்பட்டு எடுக்க வேணாம்னு பாக்குறேன். சாயந்தரம் நரம்பு டாக்டர் வந்து பாத்துடுவாரு."

"பழைய வலிப்பு இல்லன்னா?" சுகப்பிரியாவின் வாயிலிருந்து அது தானாக வந்தது. மீனம்மாளின் நகம் அவள் முழங்கையில் பதிந்தது.

"இல்லன்னா கதையே வேற," என்றார் ஸ்ரீமதி. "மாசமா இருக்கறவங்களுக்கு முதல் தடவையா வலிப்பு வந்தா அது பிரஷரால வர்றது. அதுக்கு மருந்தும் வேற. காத்திருக்கவே கூடாது. குழந்தைய எடுத்தாத்தான் தாய் பிழைப்பாங்க. ஏன் கேக்குறீங்க?"

உள்ளேயிருந்து இரும்புக் கட்டில் தடதடவென்று ஆடும் சத்தம் வந்தது. நர்ஸ் ஒருத்தி, "டாக்டர், திரும்பவும்," என்று கத்தினாள். ஸ்ரீமதி ஓடினார். கதவு ஆடி ஆடித் திறந்தபோது சுகப்பிரியா பார்த்தாள். அக்காவின் கால் கட்டிலில் வெட்டிவெட்டி இழுத்தது. மருதாணி வைத்த கால். வளைகாப்புக்கு இவள்தான் வைத்துவிட்டாள்.

தான் விழும்போது இப்படித்தான் இருந்திருக்கும். ஒருநாளும் அவள் அதை வெளியிலிருந்து பார்த்ததில்லை.

இந்திராணி வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். "நோய மறச்சி கட்டி வச்சிட்டு, இப்ப என் பேரப் புள்ளைக்கும் சேத்து..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் விட்டாள்.

சுகப்பிரியா அம்மாவின் கையை முழங்கையிலிருந்து பிரித்தாள். பையைத் திறந்து உள்ஜிப்பிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். அதில் கடைசி வரிசையில் நான்கு மிச்சம் இருந்தன. மடித்த சீட்டும் இருந்தது.

ஆட்டம் அடங்கி ஸ்ரீமதி திரும்பி வாசலுக்கு வந்ததும் அவர் முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர், இது என் மாத்திர."

ஸ்ரீமதி அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அந்த க்ளினிக்குக்குப் போறது நான். அந்த வலிப்பு என்னுது. பேருதான் அக்காவுது. அவங்க சர்டிபிகேட்லதான் நான் வேலைல கீறேன். கம்பெனி கார்டு, ஹெல்த் ஐடி எல்லாம் அவங்க பேரு. அக்காவுக்கு இதுக்கு முன்ன ஒரு நாளும் வலிப்பு வந்ததில்ல."



ஸ்ரீமதி மேஜைக்குப் போய்த் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"போன மாசம் க்ளினிக்ல எடை நாப்பத்தி நாலு. அதே மாசம் செக்கப்ல அறுபத்தி ரெண்டு." அவர் குரல் தாழ்ந்தது. "ரெண்டும் என் கண்ணு முன்னாடிதான் இருந்துது. வலிப்புன்னு பாத்ததும் நான் மேல படிக்கல."

சட்டென்று நிமிர்ந்தார். "ரெண்டு மூணு நாளா ஏதாவது சொன்னாங்களா? தலைவலி?"

"சொன்னாங்க டாக்டர். முந்தாநாளு. தல தெறிக்குது, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதுன்னாங்க."

"அத ஏன் காலையில யாரும் சொல்லல?"

இந்திராணி மெல்ல வாயைத் திறந்தாள். "என்கிட்டயும் சொன்னா. சுக்கு காபி போட்டுக் குடி, சரியாப்பூடும்னு நான்தான் சொன்னேன்."

ஸ்ரீமதி அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தார். "மெக்னீசியம் ஊசி எடுங்க. தியேட்டர் ரெடி பண்ணச் சொல்லுங்க. மயக்க டாக்டருக்குப் போன் போடுங்க. யூரின் ரிசல்ட் என்ன ஆச்சு?" வரிசையாக அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. ஒரு நர்ஸ் காகிதத்தை நீட்ட விமல் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

ஸ்ட்ரெச்சர் அவர்களைத் தாண்டிப் போனது. அக்காவின் முகம் வீங்கி, யாரோ போல இருந்தது.

*

தியேட்டர் கதவுக்கு வெளியே ஒரு சிறிய வெள்ளைப் பலகை. அதில் நீல மையில் இசைவாணி என்று எழுதிவிட்டுப் போனார்கள். நால்வரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டான் விமல். காற்றைப் பார்த்துக் கேட்பது போலக் கேட்டான்.

"தெரியும் மாமா. வேலைல சேந்தது உங்க கல்யாணத்துக்கு முன்னாடி. ஓடிபி சொன்னதும் அக்காதான். ஆனா இப்படி வந்து நிக்கும்னு எங்களுக்குத் தெரியாது."

"ஒரே வூட்ல, ஒரே பாயில படுத்துகினு கீறேன். அவ பேர்ல இன்னொரு ஆளு வேலைக்குப் போயிகினு கீறது எனக்குத் தெரியல." அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை. "காலையில இருந்து அவள எத்தினி திட்டு திட்டியிருப்பேன் தெரியுமா? மயக்கத்துல கெடந்தவள. காதுல வுழுந்திருக்குமா?"

மீனம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் மாப்ள. ரெண்டையும் நான்தான் மாத்தி வுட்டேன். இது வூட்லயே குந்திகினு கெடந்துது. வுழுவுற பொண்ணுன்னு தெருவே சொல்லும். நாலு பேரு மாரி அதுவும் டிபன் பையத் தூக்கிகினு பஸ் ஏறட்டும்னு..."

"போதும் வுடும்மா," என்றாள் இந்திராணி. அதட்டல்தான், ஆனால் காலையில் இருந்த காரம் இல்லை. சுகப்பிரியாவின் பக்கம் திரும்பினாள். "நீ தெனம் மாத்திர போட்டுக்கறியா?"

"போட்டுக்கறேன் அத்த."

"காலையில போட்டியா?"

"போட்டேன்."

"சாப்டியா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்றா, ஆமாம் என்றா என்று அவளுக்கே தெரியவில்லை. இந்திராணி எழுந்து போய் ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கிவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். கொடுக்கவில்லை. பக்கத்தில் வைத்தாள்.

கதவு திறந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். பச்சைத் துணியில் சுற்றி ஒரு நர்ஸ் எதையோ தூக்கிக்கொண்டு வேகமாகப் போனாள். "பொண்ணு. எடை கம்மி. கண்ணாடிப் பொட்டியில வைக்கணும். அப்பா மட்டும் வாங்க." விமல் செருப்பில்லாமல் பின்னால் ஓடினான்.

"என் பொண்ணு?" என்றாள் மீனம்மாள்.

"தையல் போட்டுட்டு இருக்காங்க. இன்னும் முழிக்கல."

வெகு நேரம் கழித்து ஸ்ரீமதி வந்தார். முகக்கவசத்தை இறக்கிவிட்டு, சுகப்பிரியாவை மட்டும் தனியே அழைத்தார்.

"வலிப்பு நின்னிருக்கு. கண்ணு முழிச்சாத்தான் மீதி சொல்ல முடியும். இன்னொரு விஷயம். அந்த க்ளினிக் பைல்."

"அத அழிச்சிட முடியாதா டாக்டர்? உங்க கம்ப்யூட்டர்ல இருந்து?"

"அது என் கம்ப்யூட்டர்லயே இல்லம்மா. அந்தந்த எடத்துலதான் இருக்கு. சம்மதம் குடுத்தா அங்க இருந்து எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். திருத்தணும்னா அந்த க்ளினிக்தான் திருத்தணும். நான் எழுதினா அவங்க இன்சூரன்ஸ்கிட்ட கேப்பாங்க. இன்சூரன்ஸ் உங்க கம்பெனிகிட்ட கேக்கும்."

சுகப்பிரியா யூனிபார்ம் பையைத் தொட்டாள். அட்டையின் முனை விரலில் குத்தியது.

"எழுதாம இருந்தா?"

"நாளைக்கு உங்க அக்கா வேற எங்கயோ போவாங்க. அங்க இருக்கற டாக்டரும் இன்னிக்கு நான் நம்பின மாதிரி நம்புவாங்க. நீ எங்கயாவது விழுந்தா உன்னோட பைல்ல என்ன காட்டும் தெரியுமா? எட்டு மாசக் கர்ப்பம், சிசேரியன், மெக்னீசியம்னு காட்டும். உன் வலிப்பு யாருக்குமே தெரியாது." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கும் உன் வேலை போறது பிடிக்கல. ஆனா இத நான் இன்னிக்கே எழுதணும். உன் பேர் என்னன்னு நீயே சொல்லு. நான் யார்கிட்டயும் கேட்டுப் போட விரும்பல."

அவள் வாய் திறப்பதற்குள், வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து பூட்ஸ் சத்தம் வந்தது.

"எம்மா இசைவாணி." மாரிசெல்வம் மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு வந்துகொண்டிருந்தார். "எத்தன நேரமா கீழ நிக்கேன். தங்கச்சிக்கு எப்படி இருக்கு? கேட் பாஸ்ல சாயந்தரத்துக்குள்ள திரும்புதேன்னு போட்டிருக்கம்லா, நீ வருதியா, இல்ல லீவு சொல்லிரட்டுமா?"

அதே நேரம் தியேட்டர் கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"இசைவாணிக்கு யாரு? கண்ணு தொறந்துட்டாங்க. ஆனா பேரு கேட்டா சொல்ல மாட்றாங்க. எந்த ஊருன்னாலும் முழிக்கிறாங்க. தெரிஞ்ச மொகம் ஒண்ணு உள்ள வரணும் டாக்டர்."

மீனம்மாள் சுவரைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தாள். விமல் இன்னும் குழந்தையிடமிருந்து திரும்பவில்லை. இந்திராணி சுகப்பிரியாவைப் பார்த்தாள். மாரிசெல்வம் பெயர்ப் பலகையைப் பார்த்தார். இசைவாணி. பிறகு தன் எதிரே யூனிபார்மில் நிற்கும் இசைவாணியைப் பார்த்தார். அவர் புருவம் மெதுவாகச் சுருங்கியது.

ஆமாம் சார், லீவு சொல்லிடுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் படியிறங்கிப் போய்விடுவார். இன்னும் ஒரு நாள் கிடைக்கும். ஒரு வாரம்கூடக் கிடைக்கலாம்.

"நான் போறேன் சிஸ்டர்," என்றாள் அவள். "நான் இசைவாணியோட தங்கச்சி. சுகப்பிரியா." டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படியே எழுதிக்கோங்க டாக்டர்."

"செருப்பக் கழட்டிட்டு வாங்க," என்றாள் நர்ஸ். "பையில இருக்கறதெல்லாம் வெளிய வச்சிடுங்க."

சுகப்பிரியா செருப்பைக் கழற்றினாள். சுருட்டிய அட்டையை வெளியே எடுத்து, நாடாவை நீவி, மாரிசெல்வத்தின் கையில் வைத்தாள். பி லைன் பெண்ணிடம் கார்டை வாங்கிய அதே கை.

"இதப் பிடிங்க சார். உள்ள போயிட்டு வந்து எல்லாம் சொல்றேன்."

அவர் வாங்கிக்கொண்டார்.

உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. கட்டிலில் அக்கா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகப்பிரியா குனிந்து, மருதாணிக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நான்தான். என் பேர சொல்லு பாக்கலாம்."

இசைவாணியின் கண்கள் மெல்ல இறங்கி அவள் முகத்தில் வந்து நின்றன. உதடு அசைந்தது.